முழு உதவித்தொகைக்கு முன்னால் நிற்கும் சின்னச் செலவுகள்

முதல் முறை வெளிநாட்டுப் படிப்புக்கு நான்கு இடங்களில் விண்ணப்பம் போட்டேன். நான்கிலும் இல்லை என்று பதில் வந்தது. அதில் இரண்டில் என் மதிப்பெண்ணை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒன்றில், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கடைசி நாளுக்குள் போய்ச் சேரவில்லை. இன்னொன்றில் ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் சேர்த்து முடிப்பதற்குள் தேதி கடந்துவிட்டது.

அடுத்த முறை, 2022இல், நீர்வளம் தொடர்பான முதுகலைப் படிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தது. கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில். அந்த ஓர் ஆண்டில் நான் பெரிய அறிவாளியாகிவிடவில்லை. வழியில் எங்கெங்கே காசு கேட்பார்கள், அதற்கு எத்தனை மாதம் முன்னால் தயாராக வேண்டும் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

என் அம்மா தையல் வேலை செய்தே எங்களைப் படிக்க வைத்தார். கல்லூரிக்குப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போன்ற பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தித் தருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது, 'ஸ்காலர்ஷிப் எங்கே கிடைக்கும் அக்கா?' என்பதுதான். அது தேடினால் கிடைத்துவிடும். பெரிய கட்டணத்தை உதவித்தொகை கட்டிவிடும். அது வரைக்கும் போவதற்கு ஆகும் பாஸ்போர்ட், தேர்வு, மார்க் ஷீட், கூரியர், விசா, முதல் மாத வாடகை, இவைதான் ஏழைப் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்துகின்றன. ஆகவே இந்தக் குறிப்பில் அந்தச் சின்னச் செலவுகளைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எந்தக் கதவு யாருக்கு

பள்ளியில் படிக்கும்போதே கிளம்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ், சுருக்கமாக யுடபிள்யுசி, 1962இல் வேல்ஸில் ஒரே கல்லூரியாகத் தொடங்கியது. இப்போது வெவ்வேறு நாடுகளில் 18 பள்ளிகள். 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு, ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம். பெரும்பாலான நாடுகளில் ஒரு தேசியக் குழு இருக்கும், தேர்வு செய்வது அவர்கள்தான். குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று பார்த்து உதவி முடிவாகும். அங்கே படித்து முடித்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போக டேவிஸ் என்ற திட்டம் 2000இலிருந்து பணம் தருகிறது. பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பில் துறுதுறுவென்று இருக்கும் தம்பி தங்கை யாராவது இருந்தால் இதை அவர்கள் காதில் போடுங்கள்.

இளங்கலைக்கு அமெரிக்கா என்றால் ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் உங்களால் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்கிறார்கள். சேர்த்த பிறகு குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் அவர்களே ஏற்கிறார்கள். பெயர் பெரியது, போட்டியும் பெரியது. ஆனால் இங்கே இடம் கிடைத்த ஓர் ஏழை மாணவருக்கு, பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் ஆவதைவிடக் குறைவாகத்தான் செலவாகும். பெயரைக் கேட்டதுமே 'நமக்கெல்லாம் ஆகாது' என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள்.

நம் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காத உதவித்தொகை வரிசை ஒன்று இருக்கிறது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், தென்கொரிய அரசின் ஜிகேஎஸ், துருக்கி அரசின் துர்க்கியே புர்ஸ்லரி, ஹங்கேரியின் ஸ்டிபெண்டியம் ஹங்கேரிக்கம். நால்வரும் இளங்கலையிலிருந்தே தருகிறார்கள். ஜப்பானும் கொரியாவும் துருக்கியும் விமானச் சீட்டையும் தருகின்றன. இந்த மூன்றிலும் பெரும்பாலும் முதல் ஆண்டு முழுக்க அந்த நாட்டு மொழி படிக்க வேண்டும், அதற்கும் பணம் அவர்களுடையதே. 'புது மொழியா?' என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதக் காசில்லாதவர்களுக்கு இது பெரிய வாசல். ஜப்பான் தூதரகம் வழியாக இளங்கலைக்குப் போட்டால் அவர்களே தேர்வு வைக்கிறார்கள், பழைய வினாத்தாள்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். கொரியாவில் மதிப்பெண் 80 சதவீதம் கேட்பார்கள். மொழி ஆண்டின் முடிவில் டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை எட்ட வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன் ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படுவான். கொரியன் எல்லோருக்குமே முதலிலிருந்து என்பதால் அந்த வகுப்பில் அவனுக்குக் கூச்சமே வரவில்லையாம்.

முதுகலைக்குத்தான் வாய்ப்புகள் அதிகம். எராஸ்மஸ் முண்டுஸில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள், இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், வேலை அனுபவம் பெரும்பாலும் கட்டாயமில்லை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர அனுபவம் வேண்டும். பகுதிநேர வேலை, தன்னார்வ வேலை எல்லாம் சேர்த்தே இந்தக் கணக்கு. எப்போதிலிருந்து செய்த வேலையைச் சேர்க்கலாம் என்பதை மட்டும் அந்த ஆண்டின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப் என்று ஒன்று, வேறு வழியில் பிரிட்டனில் படிக்க வசதியில்லாதவர்களுக்காகவே ஏற்பட்டது. ஜெர்மனியின் டிஏஏடி அமைப்பில் வளரும் நாட்டினருக்கான எபோஸ் பிரிவு இருக்கிறது: இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், கடைசியாக வாங்கிய பட்டம் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விட்ட அக்கா, அண்ணன்மாருக்கு இது பொருத்தம்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகை தேடவே வேண்டாம், வேலை தேடுங்கள். நெதர்லாந்திலும் ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளிலும் முனைவர் பட்ட மாணவர் என்றால் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். யூராக்செஸ் என்ற தளத்தில் இந்த இடங்கள் வேலை விளம்பரமாகவே வரும். அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் பிரிவுகளில் முனைவர் படிப்புக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் செலவுக்கும் தருவதே வழக்கம். பல இடங்களில் இளங்கலை முடித்துவிட்டு நேராகச் சேரலாம், நடுவில் முதுகலை தேவையில்லை. காசில்லை என்பதால் முதுகலையோடு நின்றுவிட்ட எத்தனையோ பேர் இது தெரியாமல் நின்றவர்கள்.

பாதி உதவித்தொகை என்ற பொறி

ஒரு பல்கலைக்கழகம் '50 சதவீத ஸ்காலர்ஷிப்' என்று கடிதம் அனுப்பும். வீட்டில் இனிப்பு கொடுத்துவிடுவார்கள். மீதிப் பாதி யார் கட்டுவது? தங்கும் செலவு? விசாவுக்குக் காட்ட வேண்டிய வங்கி இருப்பு? ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை. இருந்தாலும் மாணவர் விசாவுக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வைத்துக் காட்டச் சொல்கிறார்கள். கட்டணம் சைபராக இருந்தும் ஏழை வீட்டால் போக முடியாமல் போவது இப்படித்தான். கைக்கு வரும் எந்தச் சலுகைக் கடிதத்திலும் மூன்று வரிகளைத் தேடுங்கள்: கட்டணம் முழுதா, மாதச் செலவுக்கு எவ்வளவு, பயணமும் காப்பீடும் சேர்த்தியா. மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது முழு உதவித்தொகை. அதை வைத்து விசாவுக்கும் போகலாம், பெரும்பாலும் அந்தக் கடிதமே வங்கி இருப்புக்குப் பதிலாக நிற்கும்.

முதல் ஆண்டில் நானும் ஓர் ஏஜென்டிடம் போனேன். முழு உதவித்தொகை கிடைப்பது கஷ்டம், 30 சதவீதம் உறுதியாக வாங்கித் தருகிறேன் என்றார். கோப்புத் திறக்கவே பணம் கேட்டார். நான் மேலே எழுதிய திட்டங்களில் ஒன்றுகூட அவர் காட்டிய பட்டியலில் இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து கல்லூரி தரும் கமிஷன்தான் பெரும்பாலான ஏஜென்ட்களின் வருமானம். கட்டணமே கட்டாத மாணவரால் அவர்களுக்கு என்ன வரும்? முழு உதவித்தொகைத் திட்டம் எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 'உங்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் அனுப்புங்கள்' என்று வரும் எதுவும் மோசடி. பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம் என்பது உண்டு, உதவித்தொகையை வாங்கிக்கொள்ளக் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

காசு கேட்கும் இடங்கள், வரிசையாக

படிப்பு தொடங்கும் செப்டம்பருக்கு 18 மாதம் முன்னால் முதல் செலவு வர வேண்டும். அது பாஸ்போர்ட். விண்ணப்பப் படிவத்திலேயே எண் கேட்பார்கள். பாஸ்போர்ட் எடுக்கும் முன் பள்ளிச் சான்றிதழ், கல்லூரி மார்க் ஷீட், அடையாள அட்டை மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என் பெயரில் ஓர் எழுத்து ஒன்றில் ஒற்றையாகவும் இன்னொன்றில் இரட்டையாகவும் இருந்தது. அதைச் சரிசெய்ய ஏழு வாரம் ஆனது. அட்மிஷன் வந்த பிறகு கண்டுபிடித்திருந்தால் விசா போயிருக்கும்.

அடுத்தது ஆங்கிலத் தேர்வு. சின்னச் செலவுகளில் பெரியது இதுதான். முதலில், உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். இளங்கலையை ஆங்கில வழியில் படித்திருந்தால், 'பயிற்றுமொழி ஆங்கிலம்' என்று கல்லூரி தரும் கடிதத்தையே சில படிப்புகள் ஏற்கின்றன. அடுத்து, டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வை ஏற்கிறார்களா என்று பாருங்கள். வீட்டிலிருந்தே எழுதலாம், ஐஇஎல்டிஎஸ், டோஃபலைவிடக் கட்டணம் மிகக் குறைவு, மதிப்பெண்ணை எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் இலவசமாக அனுப்பலாம். ஐஇஎல்டிஎஸ்தான் வேண்டும் என்றால் ஒரே முறையில் முடிக்கும் அளவு தயாரான பிறகு பணம் கட்டுங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும், எனவே முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டுக்கும் உதவும். நான் எழுதியது ஒரே தடவை. சம்பளத்திலிருந்து ஐந்து மாதம் தனியாக எடுத்து வைத்த பணம் அது. இரண்டாவது தடவைக்குக் கையில் இல்லை. தயாரிப்புக்கு நூலகத்தில் இருந்த பழைய பயிற்சிப் புத்தகமும் கைபேசியும் போதுமாக இருந்தன.

அப்புறம் மார்க் ஷீட். விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். உறையில் முத்திரையிட்ட அதிகாரப்பூர்வப் பிரதியை இடம் கிடைத்த பிறகுதான் கேட்பார்கள். 'பின்னால் தேவைப்படும்' என்று முன்கூட்டியே பத்து உறை வாங்கிவைத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். மொழிபெயர்ப்பும் அப்படியே. விதியில் கட்டாயம் என்று எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

விண்ணப்பக் கட்டணம். எராஸ்மஸ் முண்டுஸ், மெக்ஸ்ட், துருக்கி, செவனிங் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் கேட்கும். அங்கே விலக்கு கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை, தோன்றினாலும் கூச்சம் தடுக்கும். நான் அனுப்பிய மெயில் இவ்வளவுதான்:

'வணக்கம். இந்த ஆண்டு உங்கள் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். படிவம் முழுவதும் நிரப்பிவிட்டேன், கட்டணம் மட்டும் பாக்கி. அந்தத் தொகை என் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் வருகிறது. வருமானச் சான்றை இணைத்திருக்கிறேன். கட்டண விலக்குக்கு வழி உண்டா என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். என் விண்ணப்ப எண் கீழே.'

மூன்று நாளில் ஒரு குறியீட்டை அனுப்பினார்கள், கட்டணப் பக்கத்தில் போட்டதும் தொகை பூஜ்யமாகிவிட்டது. இந்த மெயிலில் அழுகை இல்லை, கதை இல்லை. படிவம் நிரப்பியாகிவிட்டது, சான்று இருக்கிறது, எண் இருக்கிறது. பதில் சொல்கிறவருக்கு வேலை சுலபம். கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்னால் அனுப்புங்கள். கடைசி வாரத்தில் அவர்களுக்கு மெயில் குவியும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொரு வழி. எஜுகேஷன்யுஎஸ்ஏ என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆலோசனை மையங்கள், ஏராளமான நாடுகளில் இருக்கின்றன. ஆலோசனை பெறலாம், சில நாடுகளில் ஆப்பர்ச்சுனிட்டி ஃபண்ட்ஸ் என்ற திட்டத்தில், வசதியில்லாத திறமையான மாணவர்களுக்குத் தேர்வு, விண்ணப்பம் போன்ற முன்செலவுகளுக்கே உதவியிருக்கிறார்கள். நான் சொல்லும் சின்னச் செலவுகளுக்கென்றே ஒரு திட்டம் இருப்பதைப் பார்த்தபோது, இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை, உலகம் முழுக்க இருக்கிறது என்பது உறைத்தது.

கடிதத்தில் எதை எழுதுவது

இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதித் தரும் கடிதத்தைச் சொல்கிறேன். என்னிடம் வரும் பத்தில் எட்டு, 'சிறுவயது முதலே' என்று தொடங்கும். கல்வியின் மீது தீராத ஆர்வம், சமூகத்துக்குத் தொண்டாற்ற வேண்டும் என்ற கனவு. படிக்கிறவருக்கு இதில் யாருடைய முகமும் தெரியாது.

பொதுச் சுகாதாரம் படிக்க விரும்பிய ஒரு பெண்ணின் கடிதமும் அப்படித்தான் இருந்தது. நடுவில் ஓர் ஆண்டு படிப்பு விட்டுப்போயிருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்ததாகச் சொன்னாள். கடை ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்ததாம். மருந்துச் சீட்டை நகல் எடுக்க வருகிற வயதானவர்கள், 'இதில் என்ன எழுதியிருக்கு, எப்போ சாப்பிடணும்?' என்று இவளிடம் கேட்பார்களாம். இவள் மருந்துக் கடைக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டுவந்து, நகலின் பின்பக்கத்தில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து, பக்கத்தில் மாத்திரையின் எண்ணிக்கைக்கு ஏற்ப வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்றேன். நாலைந்து பேர் இருக்கும் அக்கா என்றாள்.

இதைவிட்டுவிட்டு ஏனம்மா, கனவைப் பற்றி எழுதினாய் என்று கேட்டபோது, 'அது ஜெராக்ஸ் கடை வேலைதானே' என்றாள்.

புதிய கடிதம் அந்தச் சூரியனிலும் நிலாவிலும் தொடங்கியது. படிக்கத் தெரியாத நோயாளிக்கு மருந்துச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் தனக்கு வந்தது என்று எழுதினாள். இரண்டாம் பருவத்தில் உள்ள சுகாதாரத் தகவல் தொடர்புப் பாடம் தனக்கு ஏன் வேண்டும் என்பது அடுத்த பத்தி. விடுபட்ட ஆண்டுக்கும் அதிலேயே விளக்கம் கிடைத்துவிட்டது. வறுமையைப் பற்றி மொத்தக் கடிதத்தில் இரண்டே வாக்கியம்.

நான் எல்லோருக்கும் சொல்லும் அளவும் அதுதான். வீட்டு நிலைமைக்கு இரண்டு வாக்கியம், அந்த நிலைமையில் இருந்துகொண்டு என்ன செய்தீர்கள் என்பதற்கு மீதி எல்லாம். தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது, கடைக் கணக்கு எழுதியது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனது எல்லாமே அனுபவம்தான். எத்தனை பேர், எத்தனை மாதம், என்ன மாறியது என்று எண்ணோடு எழுதுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும். எங்கிருந்தோ எடுத்த அலங்கார ஆங்கிலமும் வேண்டாம். பிழையில்லாத சின்ன வாக்கியங்கள் போதும். எழுதிய கடிதத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு நண்பர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் திரும்ப எழுத வேண்டும்.

பரிந்துரைக் கடிதம்

என்னை முதல் ஆண்டில் கவிழ்த்தது இது. பெரிய வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து படித்தவரைப் பேராசிரியருக்கு நினைவிருக்காது. 'இவர் நல்ல ஒழுக்கமுள்ள மாணவர்' என்று நாலு வரி கொடுத்துவிடுவார். அதனால் ஆறு வாரம் முன்னால் போய்ப் பாருங்கள். ஒரு பக்கத் தாளில், அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன மதிப்பெண், அவர் வகுப்பில் செய்த ஒரு வேலை, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசி நாள் எது என்று எழுதிக் கொடுங்கள். 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொன்னால், குறிப்புகளாகத் தருகிறேன் ஐயா, உங்கள் வார்த்தையில் இருந்தால்தான் மதிப்பு என்று பணிவாகச் சொல்லுங்கள். உங்கள் கடிதமும் அவர் கடிதமும் ஒரே கையால் எழுதியது என்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

பெரும்பாலான தளங்கள் பரிந்துரைப்பவரின் மெயிலுக்கு நேராக ஓர் இணைப்பை அனுப்பும். அது ஸ்பேம் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு நடந்தது அதுதான். ஐயா காத்திருந்தார், நானும் காத்திருந்தேன், இணைப்பு ஸ்பேமில் பதினொரு நாள் கிடந்தது. இணைப்பு போன அன்றே போன் செய்து, திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கணினி பழக்கம் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள், கடிதத்தை மட்டும் அவர் ஏற்றட்டும். வேலை பார்த்த இடத்தின் மேலாளரையும் கேட்கலாம். உங்களை நன்றாகத் தெரிந்த மேலாளரின் கடிதம், பெயர் மட்டும் தெரிந்த துறைத் தலைவரின் கடிதத்தைவிட நூறு மடங்கு நல்லது.

தேதிகள்

செவனிங் பொதுவாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும். எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளில் பெரும்பாலானவை அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். ஹங்கேரி ஜனவரி நடுவில் முடியும். துருக்கி வழக்கமாக ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை. அதாவது செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய குளிர்காலத்திலேயே கதை முடிந்துவிடும். கோடையில் பரிட்சை முடிவு வந்த பிறகு தேடத் தொடங்கினால் ஓர் ஆண்டு போச்சு. கடைசி நாளின் மணிக்கணக்கு அவர்கள் நாட்டு நேரம் என்பதையும் கவனியுங்கள். நான் எப்போதும் ஐந்து நாள் முன்னால் அனுப்பிவிடச் சொல்வேன்.

கிடைத்த பிறகு வரும் இடைவெளி

தேர்வான கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எராஸ்மஸில் அந்த 1,400 யூரோவுக்குள்தான் பயணம், விசா, வாடகை எல்லாம் அடக்கம், விமானச் சீட்டுக்குத் தனியாகத் தர மாட்டார்கள். முதல் தவணையும், போய்ச் சேர்ந்து பதிவு செய்து அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வந்தது. ஆக, சீட்டும் விசாக் கட்டணமும் அறைக்கு முன்பணமும் கைக்காசு. ஒரு வகையில் மிக நெருக்கடியான மாதம் அதுதான்.

படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு நிலைமையைச் சொல்லி, முன்தவணை தர முடியுமா, இல்லையென்றால் விடுதி முன்பணத்தை முதல் தவணையில் பிடித்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு கேள்வியாகக் கேட்டேன். முதலாவதற்கு முடியாது என்றார்கள். இரண்டாவதற்குச் சரி என்றார்கள். சீட்டுக்கு அம்மா வேலை பார்த்த இடத்தில் முன்பணம் வாங்கினார். மூன்றாவது மாதம் திருப்பி அனுப்பினேன். மெக்ஸ்ட், ஜிகேஎஸ், துருக்கி, செவனிங் போகிறவர்களுக்கு விமானச் சீட்டைப் பற்றிய கவலை இல்லை. இருந்தாலும் முதல் ஆறு வாரச் செலவுக்கு என்று ஒரு தொகையைக் கடன் வாங்காமல் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். அந்தப் படிப்பில் ஏற்கனவே இருக்கும் மாணவர் ஒருவரைக் கண்டுபிடித்து, முதல் தவணை எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். எந்த அறிவிப்பிலும் இல்லாத தகவல் அது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் சம்பாதித்துக் கொடுக்கும் ஆளாக இருந்தால், கிளம்பும்போது வீட்டு வருமானத்தில் ஒரு கை குறைகிறது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அனுப்புகிறேன் என்று தொகையோடு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நாட்டு வாடகை தெரியாமல் கொடுத்த வாக்கு அது. அதைக் காப்பாற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நோயில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, இரண்டு ஆண்டுக்கு மாதாமாதம் என்ன வரும், என்ன போகும் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். என் அம்மா அந்தத் தாளைத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருந்தார்.

காத்திருப்போர் பட்டியல்

மார்ச்சில் எனக்கு வந்த கடிதத்தில் தேர்வு என்று இல்லை, ரிசர்வ் பட்டியலில் ஆறாவது இடம் என்று இருந்தது. அழுதுவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று இடங்களில் கிடைக்கும், அவர் ஒன்றை எடுத்தால் மற்ற இடங்கள் காலியாகும். அதனால் ரிசர்வ் பட்டியல் நகரும். இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், பாஸ்போர்ட் தயார், அழைத்தால் உடனே உறுதி செய்வேன் என்று ஒரு மெயில் அனுப்பினேன். மாதத்துக்கு ஒன்று போதும், அதற்கு மேல் தொந்தரவு. ஜூன் முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயில் வந்தது. திங்கட்கிழமை நண்பகலுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், அவர்கள் நாட்டு நேரப்படி. ரிசர்வ் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளே, ஜூலை வரைக்கும் காலையும் மாலையும் மெயிலைத் திறந்து பாருங்கள், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து.